கண்மாய்க் கரையில் பறவைப் படம்: பெரிய லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி · 16 நவம்பர் 2024

மதுரையில் இருக்கிறேன். காலை நடைக்குப் போகிற கண்மாய்க் கரையில் பறவைகள் நிறைய. கையில் இருப்பது 70-300 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டிய பழைய கேமரா. எடுத்த படத்தில் எல்லாம் பறவை ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது, படமும் மங்கலாக இருக்கிறது. 150-600 லென்ஸ் இல்லாமல் பறவைப் படம் எடுக்கவே முடியாது என்று உடன் வருகிற நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். விலை ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. வாங்கலாமா? அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

16 நவம்பர் 2024, இரவு

வாங்க வேண்டாம் தம்பி. இந்தக் குளிர்காலம் முடியும் வரையாவது வேண்டாம்.

உங்களுக்கும் பறவைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பது லென்ஸ் மட்டுமல்ல, பறவையும் குறைக்கும். அதற்கு அது உங்களைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும். ஒரே கண்மாய்க்கு, ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து போங்கள். ஆடு மேய்ப்பவரைக் கண்டு எந்தக் கொக்கும் பறப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவர் பத்தடி தூரத்தில் போவார். மடையான் (குருட்டுக்கொக்கு) கழுத்தைக்கூட நீட்டாது. கேமராவோடு ஒருவர் ஐம்பதடி தள்ளி நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நேராக நடந்து வந்தால் உடனே எழும்பிவிடும். நேராக நெருங்குவதும் உற்றுப் பார்ப்பதும் வேட்டைக்காரனின் நடை. பறவைக்கு அது நன்றாகத் தெரியும்.

17 நவம்பர் 2024

நேற்று எழுதாமல் விட்டது: வெளிச்சம்.

எங்கள் பக்கத்தில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் பல கண்மாய்களில் கரை கிழக்குப் பக்கம், தண்ணீர் விரிகிற உள்வாய் மேற்குப் பக்கம். காலையில் கரைமேல் ஏறி நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் நேராகப் பறவையின்மேல் விழும். படம் எடுக்க இதைவிட நல்ல மேடை கிடையாது. அதே இடத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். உங்கள் படங்கள் மங்கலாக இருப்பதாகச் சொன்னீர்களே, அவை மாலையில் எடுத்தவையா? லென்ஸைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

மழைக்காலம் வேறு. மேகம் மூடிய நாளில் திசை பார்க்க வேண்டாம். நிழல் விழாததால் நீர்க்காகத்தின் கறுப்புச் சிறகில்கூட விளிம்பு விளிம்பாகச் செதில்கோலம் தெரியும்.

17 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

கொக்கை எடுக்கும்போது ஒளி அளவை எப்படி வைப்பது என்று கேட்டவருக்கு. கொக்கு வெள்ளை, தண்ணீர் இருட்டு. கேமரா மொத்தக் காட்சியையும் சராசரி பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகு வெந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஒளி ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) குறைத்து வையுங்கள். முக்கால் அளவிலிருந்து ஒன்று வரை குறைத்தால் இறகின் வரிகள் திரும்ப வரும். வானத்தைப் பின்னணியாக வைத்துக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் கரிச்சானுக்கு இதற்கு நேர்மாறாக ஒன்று கூட்ட வேண்டும்.

ஷட்டர் வேகம்: உட்கார்ந்திருப்பதற்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி. ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) கேமராவிடமே விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ கூடிப் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்று பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் படம் ஆடிப்போகும். புள்ளிகளைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், ஆடிய படத்தை யாராலும் திருத்த முடியாது.

21 நவம்பர் 2024

இடையில் ஒருவர் நிக்கான் பி950 கேமரா வாங்கலாமே என்றார். நியாயமான யோசனைதான். 83 மடங்கு ஜூம், பெரிய லென்ஸின் விலையும் எடையும் இல்லை, நடந்துபோகிறவருக்கு வசதி. ஆனால் அதன் சென்சார் மிகச் சிறியது, காலைக் கருக்கலில் திணறும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரத்தை இழுத்தாலும் நடுவில் இருக்கிற காற்றை யாராலும் நீக்க முடியாது. ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் மீதும் வெடித்த மண் மீதும் கானல் எழும்புகிறது. அக்கரையில் இருக்கும் நாரையை முழு ஜூமில் பார்த்தால் உருகி ஓடுவதுபோல் தெரியும். இரண்டு கிலோ எடையுள்ள 150-600 வாங்கினாலும் இதே கதைதான்.

24 நவம்பர் 2024

எந்தப் பறவையிலிருந்து தொடங்குவது என்று கேள்வி கேட்டவரே மீண்டும் கேட்டிருக்கிறார். பஞ்சுருட்டானிலிருந்து தொடங்குங்கள். சின்னப் பச்சை நிறத்தது ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கும், நீலவால் கொண்டது குளிர்காலத்து விருந்தாளி. இரண்டுக்கும் ஒரே பழக்கம்: ஒரு குச்சியிலோ கம்பியிலோ உட்காரும், பறந்துபோய்த் தேனீயையோ தட்டானையோ பிடிக்கும், பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பி வந்து பிடித்ததை அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். ஆகவே பறவையைத் துரத்த வேண்டாம். குச்சியைக் குறிவைத்து நில்லுங்கள். முதலில் அது உங்களைக் கண்டு விலகும். பிறகு திரும்பும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் திரும்பும். கரிச்சானும் வெண்தொண்டை மீன்கொத்தியும் அப்படியே. தட்டான்பூச்சிகள் பலவும் அப்படியே.

நான் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சியிலும் அல்ல. மடைக்குப் பக்கத்தில் ஒரு பட்டுப்போன கருவேலங்கிளையை ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததில் கிடைத்தது. ஏழு மணிக்கு மீன்கொத்தி, வெயில் ஏறினால் பஞ்சுருட்டான், நடுவில் இருவரையும் விரட்ட ஒரு காக்கை. அந்தக் கிளையின் நேர அட்டவணை எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் எனக்குப் பிடித்த மீன்கொத்திப் படம் அந்தக் கிளையில் எடுத்ததுதான், 300 மில்லிமீட்டர் லென்ஸில்.

1 டிசம்பர் 2024

"கூட்டில் இருக்கும்போது எடுத்தால் பறவை அசையாமல் இருக்கும், சின்ன லென்ஸ்காரர்களுக்கு அதுதான் வழி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

வேண்டவே வேண்டாம். ஆள்காட்டிக் குருவி தரையில்தான் முட்டையிடும். வரப்பிலும் பொட்டல் மண்ணிலும் கற்களோடு கற்களாக நாலு முட்டை கிடக்கும். நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டால் அது எழும்பித் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றும். படம் எடுப்பவருக்கு அது நல்ல காட்சி. முட்டைக்கு அது வெயில். எங்கள் ஊர் வெயிலில் பொட்டல் தரை என்ன சூடு இருக்கும் என்று செருப்பைக் கழற்றி நின்று பாருங்கள். தாய் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கிற பறவை அது. அவ்வளவு பாடுபடுகிறதை நாம் கால்மணி நேரம் விரட்டி வைத்துவிட்டு, 'தாய்ப்பாசம்' என்று தலைப்புப் போட்டு படத்தைப் பகிர்கிறோம். எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

மறைவாக இருக்கிற கூட்டுக்கு முன்னால் இலையை ஒதுக்கி, கிளையை ஒடித்துப் படம் எடுப்பது இன்னும் கொடுமை. நீங்கள் திறந்துவிட்ட வழியை மேலிருந்து காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் வீட்டுக்குப் போனபின் அது வரும். கூட்டுப் படங்களைப் பல போட்டிகள் ஏற்பதே இல்லை. காரணம் இதுதான்.

ஆள்காட்டி தலைக்கு மேல் கத்தினால் வந்த வழியே திரும்புங்கள். காலடியைப் பார்த்து நடங்கள்.

1 டிசம்பர் 2024, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு விளக்கம். கூந்தன்குளம், வேடந்தாங்கல், வேட்டங்குடி போன்ற சரணாலயங்களில் கூட்டமாகக் கூடு கட்டும் நாரைகளைக் கரையிலிருந்தோ கோபுரத்திலிருந்தோ எடுப்பதை நான் சொல்லவில்லை. அங்கே பறவைக்கும் மனிதனுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறது, அந்தத் தூரத்தை ஊரே காத்துவருகிறது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசை இருக்கும்! பறவைக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த ஊர்க் கரையில் நின்று படம் எடுக்கிறவர் குரலைத் தாழ்த்திப் பேசவாவது வேண்டும்.

4 டிசம்பர் 2024

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது பற்றி: நான் செய்வதில்லை, உடன் வருகிறவர்களையும் செய்ய விடுவதில்லை. அந்தக் குரலைக் கேட்கும் பறவைக்கு எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று பொருள். இரையை விட்டு, கூட்டை விட்டு, இல்லாத எதிரியைத் தேடி வருகிறது.

தோட்டக்கள்ளனை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதைக் கூப்பிடவே வேண்டியதில்லை. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி அதுவாகவே குரல் கொடுக்கும், ஆறுமணிக்குருவி என்ற பெயரே அதனால்தான். புதர் நிழலில் உதிர்ந்த இலைகளைக் கிளறிக்கொண்டிருக்கும். தரையோடு தரையாக உட்கார்ந்து காத்திருந்தால் தானே வெளியே வரும்.

வலசை வந்த களைப்பில் அக்டோபர் வாக்கில் அது சில சமயம் வீட்டுக் கண்ணாடியில் மோதி விழும். அப்போது கேமராவைத் தேடாதீர்கள். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்தபின் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள்.

10 டிசம்பர் 2024

"தூரத்துப் படம், தெளிவில்லை, அழித்துவிட்டேன்" என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருந்தார். அழிக்காதீர்கள்!

இங்கே இரண்டு வகைப் படம் இருக்கிறது. ஒன்று சுவரில் மாட்டுவதற்கு. இன்னொன்று, இந்தப் பறவை இந்த நாளில் இந்த இடத்தில் இருந்தது என்பதற்கு. இரண்டாவதற்கு அழகு தேவையில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். உள்ளான் (சேற்றோரம் இரை தேடும் சிறு பறவை) ஒன்றின் தோளுக்கும் மார்புக்கும் நடுவே ஆப்பு வடிவில் வெள்ளை ஏறியிருந்து, வாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் அது சாதாரண உள்ளான். சின்ன வெண்கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய வெண்கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இவற்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் படமே போதும். அதனால் முகத்தை மட்டும் எடுக்காமல் கால், வால், பறக்கும்போது முதுகு என்று மாற்றி மாற்றி எடுத்து வையுங்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு ஏடாக நினைக்க வேண்டாம். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், நமக்கு மேலூர் பக்கம்தான். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை உயிரியல் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் முதலாவது அதுதான். ஏழு குன்றுகள், சுனைகள், சமணப் படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. இவற்றோடு சேர்த்து ஏறக்குறைய 250 வகைப் பறவைகளும் அந்த அறிவிப்பில் இடம்பெற்றன. லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு, ராசாளிக் கழுகு என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அந்தப் பெயர்கள் வானத்திலிருந்து விழவில்லை. குன்றைப் பார்த்துக் கழுத்து வலிக்க நின்றவர்கள் பலர் தந்தவை. இப்போது அந்த இடத்தையும் உள்ளடக்கி இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டிருக்கிறார்கள். நேற்று சட்டமன்றம் அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஊர்மக்கள் வாதாடும்போது பறவைப் பட்டியலும் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் தெளிவில்லாத படத்தை இப்போது அழிப்பீர்களா?

12 டிசம்பர் 2024

மழை. எங்கும் போகவில்லை.

லென்ஸில் பூஞ்சை பிடித்ததாகச் சொன்னவருக்கு: நனைந்த கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து மூடியதுதான் காரணமாக இருக்கும். வெளியே எடுத்துத் துடைத்து, மின்விசிறிக்கடியில் உலர்த்தி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம், தூசிதான் ஏறும்.

5 ஜனவரி 2025

மழைக்குப் பின் கண்மாய் நிறைந்து கலுங்கில் (உபரி நீர் வெளியேறும் வழி) தண்ணீர் பாய்கிறது. மறுகால் ஓடையில் குருட்டுக்கொக்குகளும் நத்தைக்குத்தி நாரைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. உள்வாயில் சம்புக் கோரைக்கு நடுவே நீளவால் இலைக்கோழி. இந்த மாதம் அதற்கு அந்த நீண்ட வால் இருக்காது, அது இனப்பெருக்கக் காலத்தில்தான். வால் இல்லையே, வேறு பறவையோ என்று குழம்பியவர் குழம்ப வேண்டாம், கழுத்தோரப் பொன்மஞ்சளைப் பாருங்கள்.

மேகமூட்டத்தில் நிறமே வரவில்லை என்று வருந்துகிறவர்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைகளை இன்றைக்கும் வியந்து பார்க்கிறோம். தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும்.

13 ஜனவரி 2025

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. பதினைந்து நிமிடம் குறையாமல் ஒரே இடத்தில் பார்த்ததை எழுதி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். வீட்டு மாடியும் ஓர் இடம்தான். காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதுங்கள். அரிதான பறவையை எல்லாரும் எழுதுவார்கள், பொதுவான பறவை குறையத் தொடங்கினால் அதைச் சொல்ல எழுதிவைத்த எண்ணிக்கை வேண்டும்.

24 ஜனவரி 2025

நேற்று மத்திய அரசு டங்ஸ்டன் ஏலத்தை ரத்து செய்துவிட்டது. இந்த மாதத் தொடக்கத்தில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்தார்களே, அந்த மக்களுக்கு வணக்கம்.

சந்தோஷத்தில் எல்லாரும் அரிட்டாபட்டிக்குக் கிளம்பாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வல்லூறுகள் குன்றின் பாறை இடுக்கில் கூடு வைக்கும் பருவம் இது. கீழே கண்மாய்க் கரையிலிருந்து அண்ணாந்து பாருங்கள், பாறையில் ஏற வேண்டாம்.

2 பிப்ரவரி 2025

படம் எடுத்த இடத்தைச் சொல்லலாமா, கூடாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. இருதரப்பையும் படித்தேன். என் நிலை: கண்மாயின் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள், மரத்தைச் சொல்லாதீர்கள். ஆந்தை, தேவாங்கு, நட்சத்திர ஆமை என்றால் ஊரின் பெயரையும் விட்டுவிடுங்கள். ஆந்தையை மாந்திரீகத்துக்குப் பிடிக்கிறார்கள், நட்சத்திர ஆமையைக் கடத்துகிறார்கள். கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும், அமைப்பில் போய் அதை நிறுத்துங்கள். அழியும் நிலையிலுள்ள சில பறவைகளின் இடத்தை இபேர்ட் தானே மறைத்துவிடுகிறது, கைப்பேசி மறைக்காது.

பனைப்பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தையை இரவில் பிளாஷ் அடித்து எடுக்கிற வழக்கத்தையும் விட்டுவிடலாம். மாலை மங்கும் முன்னே அது பொந்து வாசலில் வந்து உட்காரும், தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். அந்த வெளிச்சமே தாராளம்.

16 பிப்ரவரி 2025

பறவை கிடைக்காத நாளில் என்ன எடுப்பது? குனிந்து பாருங்கள். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது, இலைக்கடியில் அதன் புழு. காலைக் குளிரில் பட்டாம்பூச்சி சிறகு விரித்து வெயில் காயும், அப்போது நகராது. உங்கள் 70-300 லென்ஸே பூச்சிக்கும் போதும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று முழு ஜூமில் எடுங்கள். வேலியில் தலை சிவந்த ஓணான் இருந்தால் அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து எடுத்தால் எந்த உயிரும் சின்னதாகத்தான் தெரியும். பறவைக்கும் இது பொருந்தும். கரையில் படுத்துக்கொண்டு எடுத்த வாலாட்டியையும் நின்றுகொண்டு எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

9 மார்ச் 2025

கேள்வி கேட்ட தம்பி படங்கள் போட்டிருக்கிறார். பஞ்சுருட்டான் படம் அருமை, கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறது, பின்னணியும் தொலைவில் மங்கியிருக்கிறது. லென்ஸ் பற்றி இனி அவர் முடிவு செய்யலாம். வாங்கினாலும் எனக்கு மறுப்பு இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

கண்மாய் வற்றத் தொடங்கிவிட்டது. சேற்று விளிம்பில் உள்ளான்கள் கூடியிருக்கின்றன, ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும். காலை எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் கானல். சேறு மேலே காய்ந்தும் உள்ளே இளகியும் இருக்கும், கரையைவிட்டு இறங்க வேண்டாம். நீங்கள் கேட்ட அந்தப் பெயர் தெரியாத உள்ளான் நீருக்குள் நிற்கிறது, கால் மறைந்துவிட்டது. வெளியே வரும்போது காலும், பறக்கும்போது முதுகும் தெரிகிற படம் ஒன்று எடுத்துப் போடுங்கள், பெயரைச் சொல்லிவிடலாம்.